மேல் அம்பும் மீட்டிங் அறையும்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் பெரியம்மாவும் நலமென்று நம்புகிறேன். நான் உடம்பளவில் நலம். நேற்றுப் போனில், "டெமோ எப்படிம்மா போச்சு?" என்று கேட்டீர்கள். "முடிஞ்சுது பெரியப்பா" என்றேன். எப்படி முடிந்தது என்று சொல்லவில்லை. இந்த வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்ததே நீங்கள்தான். நான் வேலையில் நிரந்தரமாவது அந்த ஒரு டெமோவை நம்பித்தான் இருந்தது. அதனால் வாய் வரவில்லை.

என் வேலை கணினியோடு பேச்சுக் கொடுப்பது மாதிரி. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் அது உடனே பதில் சொல்லும். தப்பாகத் தட்டினால் மேல் அம்பு விசையை அழுத்துவேன், பழைய வரி திரும்பி வரும், திருத்திக்கொள்வேன். என் மேசையில் இது ஒருநாளும் பிசகியதில்லை. மீட்டிங் அறைக் கணினி வேறு ரகம். அங்கே மேல் அம்பை அழுத்தினால் பழைய வரி வராமல் ஒரு கூரைக்குறி, இரண்டு சதுர அடைப்பு, ஓர் ஆங்கில ஏ என்று வரிசையாக வந்து நிற்கிறது. சரி, அழிப்போம் என்று அழிக்கும் விசையைத் தட்டினால், அதுவும் தன் பங்குக்கு ஒரு குறியைப் போடுகிறது. வாடிக்கையாளராக வந்திருந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இதுதான் ரிசல்ட்டாம்மா?" என்றார். மேனேஜர் என் பக்கம் சாய்ந்து, "ஏம்மா மானத்தை வாங்குற?" என்றார். அந்தக் கணினியை அமைத்த எங்கள் சீனியரோ, "மெஷின்ல ஒண்ணுமில்ல சார், அவங்க அழுத்துற விதம் அப்படி. மெதுவா அழுத்துங்க" என்றார். மெதுவாக அழுத்தினேன். தப்பு மெதுவாக வந்தது.

பிறகு அவரே பெரிய மனசு பண்ணி, "அதே கறுப்புத் திரையைப் பிரவுசர்ல திறங்க, அதுல எல்லாம் ஒழுங்கா வரும்" என்றார். நிஜமாகவே வந்தது. எனக்கு உயிரும் வந்தது. அந்த வேகத்தில் கடைசி வார்த்தையைத் தப்பாகத் தட்டிவிட்டேன். என் மேசையில் கன்ட்ரோலையும் டபிள்யூவையும் சேர்த்து அழுத்தினால் அந்த ஒரு வார்த்தை மட்டும் போகும், விரலுக்கு அது பழக்கம். பிரவுசருக்கோ அதற்கு அர்த்தம், கடையைக் கட்டு. திரையே மூடிக்கொண்டது, அதுவரை செய்ததெல்லாம் அதோடு போச்சு. மறுபடி திறந்து, மறுபடி தட்டி, பதட்டத்தில் மறுபடியும் அதையே அழுத்தித் தொலைச்சேன் பெரியப்பா! "நான்தான் சொன்னேனே சார்" என்கிறார் சீனியர். ஒரே விசைக்கு இடத்துக்கு ஓர் அர்த்தம் என்றால் மனுஷி என்ன செய்வாள்? நம் அத்தை சொல்லும் "சரி" மாதிரிதான். சம்மதமா, சண்டையா என்று அவர் நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேனேஜர் உங்கள் நண்பர். அவர் போகச் சொல்வதற்குள் நானே விலகிக்கொள்கிறேன் என்று நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டேன், மன்னியுங்கள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம். பெரியம்மாவிடமும் வேண்டாம், அவரிடம் சொன்னால் அப்பாவிடம் சொன்ன மாதிரிதான்.

பெரியம்மாவின் முழங்கால் வலி சீக்கிரம் குணமாகட்டும். இருவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பி.கு.: இதை ஒட்டப் போகும்போது மேனேஜர் கூப்பிட்டார். அந்த அம்மா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். "எங்க ஆபீஸ்லயும் தினம் இதே கூத்துதான். எங்க ஆளுங்க நல்லா வர்றதை மட்டும்தான் காட்டுவாங்க. எதெல்லாம் கெட்டுப்போகும்னு அந்தப் பொண்ணு காட்டிட்டா, அவளையே அனுப்புங்க" என்றாராம். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மேனேஜரிடம் எதுவும் பேசிவிடாதீர்கள்.