வக்கீலம்மாவின் பன்னிரண்டாம் பாகம்

கடைசிப் பாகத்தால் ஏமாந்தவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பித்திருக்க முடியாது, அவர் விடமாட்டார். பல வருடம் ஒரு தொடர்கதையோடு குடும்பம் நடத்திவிட்டு, கடைசிப் புத்தகம் வந்ததும், எழுதியவர் தன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிற இனம் அது.

நம்மவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடையில் ஒரு வசதி. மூக்கின்மேல் லென்ஸ் மாற்றிப் பார்க்கிற கனத்த சோதனைச் சட்டமும் கண்ணெல்லாம் மங்கலுமாக உட்கார்ந்திருப்பவர் எங்கே எழுந்து ஓடுவார்? "இந்த எழுத்து தெரியுதா?" என்று கேட்ட கையோடு, மூன்றாம் பாகத்தில் ஓடும் தண்ணீரைக் கண்டாலே பின்வாங்கிய ஆவி பன்னிரண்டாம் பாகத்தில் படகில் உட்கார்ந்து காற்று வாங்குவது எந்த ஊர் நியாயம் என்பார். ஆவி என்றால், செத்துப்போன வக்கீலம்மா. செத்த பிறகும் கோர்ட்டுக்குப் போவதை விடாதவர். குமாஸ்தா ஒரு ஓநாய் மனிதன். வக்கீலம்மா உயிரோடிருக்கும் தன் கணவரின் எதிரிலேயே பதினொரு பாகமாக நடமாடுகிறார்; அந்த மனிதரின் கண்ணில்தான் படுவதில்லை. கடைசியிலாவது படுவாரா? பதினேழு வருடமாக நம்மவரைத் தூங்கவிடாத கேள்வி இது ஒன்றுதான்.

அவர் மனைவிக்கும் அதே கேள்விதான். அவர் கணக்கு டீச்சர். ஒவ்வொரு பாகத்தையும் கணவர் முதலில் படிப்பார், அப்புறம் டீச்சர் படிப்பார், டீச்சர் முடிக்கும்வரை கணவர் வாயைத் திறக்கக்கூடாது. இது அந்த வீட்டுச் சட்டம். முடித்த மறுநாள் மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, சாப்பாடு ஆறிப்போவது தெரியாமல் பேசித் தீர்ப்பார்கள். உண்மையைச் சொன்னால், சண்டை வராமல் அவர்கள் பேசிக்கொள்ள மிச்சமிருந்த விஷயம் வக்கீலம்மாதான்.

அந்தச் சட்டத்தைத்தான் இந்த முறை மனிதர் மீறினார். பல் தேய்த்துக்கொண்டே ஓநாய் குமாஸ்தாவின் கல்யாணத்தைக் கரித்துக்கொட்டினார். துணி மடிக்கும்போது படகைப் பற்றிச் சொன்னார். முடிவு படுமோசம், இதைப் படிப்பது கண்ணுக்குக் கேடு என்று, கண்ணாடி விற்கிறவரே சொன்னார். புத்தகத்தை மட்டும் டீச்சரின் கையில் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் தானே அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார். சாயங்காலம் புத்தகமும் கையுமாகக் கடைக்கு வந்து நின்றார். நாற்காலியில் ஒரு பெரியவர், மூக்கில் சோதனைச் சட்டத்தோடு.

"கடைசிப் பதினாறு பக்கம் ஒட்டிட்டு இருக்கு. பைண்டிங்ல ஓரம் வெட்டாம விட்டிருக்காங்க" என்றார் டீச்சர். "நீங்க எப்படிப் படிச்சீங்க?"

நம்மவர் கையிலிருந்த லென்ஸைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"படிக்கல."

"அப்புறம் எப்படி முடிவு சரியில்லன்னீங்க?"

பதில் தணிந்த குரலில் வந்தது. "வெட்டினா வக்கீலம்மா போயிருவாங்க. அதுக்கப்புறம் நாம என்ன பேசுறது?"

திட்டுவதற்கென்றே வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்த டீச்சர், அதை விட்டுவிட்டு, கைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, ஒட்டிய பக்கங்களின் மடிப்புக்குள் நுழைத்தார். இழுத்தால் போதும், ஒரே இழுப்பு.

"தப்பா நினைக்காதீங்க" என்றார் நாற்காலியில் இருந்த பெரியவர். மூன்று தடவை கண் சோதனைக்கு வந்து முழுக்கதையும் கேட்டவர் அவர். "அந்தப் புருஷனுக்கு அவங்க தெரிஞ்சாங்களா இல்லையா, அதை மட்டும் பார்த்துச் சொல்லிடுங்களேன்."

டீச்சர் கணவரைப் பார்த்தார். கணவரும், எத்தனையோ நாளைக்கு அப்புறம், டீச்சரை நிமிர்ந்து பார்த்தார். ஸ்கேல் மெல்ல வெளியே வந்தது. கைப்பைக்குள் போய்ச் சேர்ந்தது. இருவரும் பெரியவரை அனுப்பி, கடையைச் சாத்திவிட்டு, படகு விவகாரத்தைப் பற்றி வாதாடிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள். பெரியவருக்கு இன்னும் கண்ணாடி தயாராகவில்லை.

மறுநாள் ஆசிரியர்கள் அறையில் டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டே சொன்னார்: "கடைசிப் பாகம் சுத்த மோசம். முடிக்கவே தெரியல அந்த ஆளுக்கு."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு, "போரடிச்சுது, அதான் பாதியிலேயே வெச்சிட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறீர்களே ஒரு புத்தகம், அதை எடுத்து, நீங்கள் செருகிவைத்த பழைய பஸ் டிக்கெட் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பாதியிலா இருக்கிறது?