காட்டன் பாய் பட்டறைக்குப் பெண்ணின் அத்தா வந்த கதை

வந்தவர் சட்டையைக் கழற்றாமல் வேலையைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்த வெல்டர், இந்தப் பூலோகத்தில் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். கேளம்பாக்கத்தில் நான் குடியிருந்த தெருமுனையில் அவருக்கு வெல்டிங் பட்டறை. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, ஊருக்கு அவர் காட்டன் பாய்.

பாலியஸ்டர், நைலான் போட்டவர் யாரும் அந்தப் பட்டறைக்குள் கால் வைக்க முடியாது. "பொறி வுழுந்தா காட்டன் கருகும், அவ்ளோதான். நைலான் உருகி தோலோட ஒட்டிக்கும் சார்" என்பார். வாசலில் ஆணி அடித்து, காட்டன் லுங்கிகளையும், பொறி பட்டுச் சல்லடையான முழுக்கைச் சட்டைகளையும் மாட்டி வைத்திருப்பார். ஐ.டி. கம்பெனிப் பையன்கள் டீ-ஷர்ட்டைக் கழற்றிவிட்டு லுங்கியோடு நின்று வீட்டு கேட்டுக்கு அளவு சொல்வதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

வெல்டிங் ராடை இரும்பில் வைக்குமுன் "கண்ண மூடு!" என்று ஒரு கத்து கத்துவார். பட்டறைக்குள் நிற்பவருக்குச் சொன்னதுதான். ஆனால் பழக்க தோஷத்தில் தெருவே மூடிக்கொள்ளும். ஒருமுறை ஷேர் ஆட்டோ டிரைவரும் மூடிவிட்டார். இளநீர்க்காரரின் தள்ளுவண்டி இரண்டாய்ப் போனது. அதையும் பாய்தான் ஒட்டிக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் சம்பந்தம் கூடிவந்த சமயத்தில், பெண்ணின் மாமா பெயிண்ட் தின்னர் இருந்த காலி டிரம் ஒன்றைக் கொண்டுவந்து, "பாதியா வெட்டிக் குடு, பிரியாணி அடுப்பு போடணும்" என்றார். "காலி டிரம்முலதான் ஆவி நிக்கும். பொறி பட்டா நீயும் நானும் முட்டுக்காட்டுல போய் வுழுவோம்" என்று பாய் அதைத் தெருவில் உருட்டிவிட்டார். சம்பந்தமும் கூடவே உருண்டது. இரண்டாவது இடத்துக்காரர்கள் இந்தக் கதையைக் கேட்டே பின்வாங்கிவிட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு செங்கல்பட்டுச் சம்பந்தம் வந்தது. பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து பாய் தனியாகச் சிரிக்க ஆரம்பித்தார். "இது மட்டும் அமைஞ்சிட்டா போதும் சார். வூட்டுக்கு போனா பேச ஒரு ஆளு வேணும்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. என் பால்கனி கிரில்லைச் சாக்கு வைத்துத் தினமும் போய் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படிப் போயிருந்த ஒரு நாள், பளபளவென்று பிஸ்கெட் கலர் சஃபாரி சூட்டில் ஒரு பெரியவர் வந்தார். பக்கத்துப் பள்ளிவாசலில் சாயங்கால அசர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு, பாங்கு சொல்ல நேரம் இருக்கவே எட்டிப் பார்க்க வந்தவர். கை கால் எல்லாம் ஈரம். என் காதோரம் குனிந்தார்.

"தம்பி, இந்தப் பையன் எப்படி? நான்தான் பொண்ண பெத்த அத்தா. அவராண்ட சொல்லிடாதீங்க."

சொல்லாமல் கொள்ளாமல் வந்து மாப்பிள்ளையை வேலை செய்யும் இடத்தில் நோட்டம் விடுவது நம் ஊர் வழக்கம்தானே. "தங்கமான மனுஷன்" என்றேன். அதற்குள் தங்கம் திரும்பிப் பார்த்துவிட்டது.

"அங்கியே நில்லுங்க பெரியவரே! சட்டை இன்னா, பாலியஸ்டரா?"

"கிட்ட வந்து வேலைய பாக்கணும்பா."

"பாக்கலாம். கழட்டுங்க."

"ஏம்பா, இது நம்ம சொந்த ஜவுளிக்கடைத் துணிப்பா!"

"கடையிலயே வெச்சிக்கோங்க. இங்க வாணாம்."

நான் கண்ணைச் சிமிட்டினேன். "சார், கண்ல தூசு வுழுந்துச்சா? கசக்காதீங்க" என்றார் பாய். சட்டை போயிற்று, பேண்ட் போயிற்று, பாக்கெட்டில் இருந்த சிகரெட் லைட்டரும் போயிற்று. பிறகு பாயின் பார்வை கீழே இறங்கியது.

"அய்யய்யோ, கால் ஈரம்! கரண்டு இழுத்துக்கினா யாரு பதில் சொல்றது?"

துண்டால் தானே துடைத்துவிட்டார். லுங்கியும் சல்லடைச் சட்டையும் மாட்டி, ரப்பர் செருப்பைக் கொடுத்து, ஒரு மரப்பலகையில் ஏற்றி, சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். "கண்ண மூடு!"

பெரியவர் மூடினார். பாய் வேலையில் மூழ்கிப்போனார். கிரில்லின் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கமும் முடியப்போகிற நேரத்தில், சுவர்ப் பக்கமிருந்து ஒரு பரிதாபமான குரல் வந்தது.

"தம்பி, எப்ப தொறக்கறது?"

அந்த நேரம் பார்த்துப் பாங்கு சொன்னார்கள். பெரியவருக்கு அடக்கிவைத்த ஆத்திரம் எல்லாம் பொங்கிவிட்டது. "உனக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு பாக்க வந்தேன்யா!" என்று கத்திவிட்டுப் படி இறங்கினார். அதே கோலத்தில் தொழுதுவிட்டு, அதே கோலத்தில் செங்கல்பட்டு பஸ்ஸும் ஏறிவிட்டார். ஊருக்கே துணி விற்கிறவர், உடம்பெல்லாம் ஓட்டையாகப் போனார்.

பாய் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பூட்ச்சி சார்" என்றார். கண் கலங்கியிருந்தது.

"அவருன்னு தெரிஞ்சிருந்தா அப்படியே உள்ளே விட்டிருப்பீங்களா பாய்?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "வுட்டிருக்க மாட்டேன் சார். அதான பேஜாரே."

மறுநாள் காலை பட்டறை வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஓட்டி வந்தது போட்டோவில் இருந்த அதே பெண். பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அத்தா. துவைத்து மடித்த லுங்கியும் சட்டையும் அவள் கையில் இருந்தன. பாய் வாயைத் திறக்குமுன் அவளே வாசலில் நின்றுகொண்டாள்.

"துப்பட்டா நைலான். நான் வெளியவே நிக்கிறேன்."

பாய்க்குக் கையில் இருந்த ராடு நழுவியது.

"நான் தீக்காய வார்டு நர்ஸு. உருகி ஒட்டிக்கின துணிய எடுக்கறது என் வேலை. பேஷண்டுங்க கத்தறது வூடு வரைக்கும் கூடவே வரும். நேத்து அத்தா வந்து உங்கள திட்டுனாரு, திட்டுனாரு, அப்படித் திட்டுனாரு. கேக்க கேக்க எனக்கு உங்கள புடிச்சிகினே போச்சு."

பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"மாப்ள, என் சட்டைய எடுத்துட்டு வாங்க."

பாய் உள்ளே ஓடினார். சட்டையைத் தேடி எடுக்க வெகுநேரம் ஆயிற்று. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார்.

நான் கேளம்பாக்கத்தை விட்டு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. என்னைப் பெற்றவர்களுக்கு அப்புறம் என் தோலைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட மனுஷன் அவர்தான்.