முடியாது என்று சொல்வது எப்படி

குராமோச்சி வாயைத் திறப்பதற்குள், வரவேற்பு மேசைப் பெண் அவள் கோட்டில் சிவப்பு ரிப்பன் பூவைக் குத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டு அகலம். பேச்சாளர்களுக்கு மட்டும் குத்துகிற பூ.

"அது வந்து..." என்றாள் குராமோச்சி.

"தெரியும் சென்செய், உங்களுக்கு ஆடம்பரம் பிடிக்காது. ஆனா விழாக்குழு விடாதே!"

'சென்செய்' என்றால் ஆசான்; அவள் எதற்கும் ஆசான் இல்லை. தப்பு எங்கே நடந்தது என்று ஒரு நிமிடம் கழித்துத்தான் விளங்கியது. லிஃப்டில் யாரோ ஒருவரோடு விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டு, ஆளுக்கு மூன்று முறை குனிந்து நிமிர்ந்த அவசரத்தில், தன் கார்டுக்குப் பதில், பெயரைக்கூடப் படிக்காமல் அவர் கார்டையே மேசையில் நீட்டிவிட்டாள். ஹிமுரோ காவோரு, இன்றைய பேச்சாளர். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர். புத்தக அட்டையில்கூடப் படம் போட விடாத மனிதர். கண்ணால் தேடினாள். ஆளைக் காணோம்.

குமாமோத்தோவிலிருந்து ஹகாத்தா வரை அவள் வந்ததே அந்த ஹிமுரோவின் பேச்சைக் கேட்கத்தான். தலைப்பு, 'முடியாது என்று சொல்வது எப்படி.' குளியல் தொட்டி மூடி செய்யும் அவள் கம்பெனி, அவளை வடகோடி வாக்கனாய்க் கிளைக்கு மாற்றப் பார்க்கிறது. அங்கே மூன்று ஊழியர்கள், மீதியெல்லாம் பனி. போகிறாளா இல்லையா என்று இன்றைக்குள் சொல்ல வேண்டும். 'முடியாது' என்ற சொல் அவளிடம் இல்லாமல் இல்லை. தொண்டை வரை வரும்; எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்ததும், தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்பதுபோல் திரும்பிப் போய்விடும்.

அமைப்பாளரிடம், "எனக்குத் தொண்டை சரியில்லைங்க" என்று ஆரம்பித்துப் பார்த்தாள்.

இஞ்சித் தேநீர் வந்தது. கூடவே, இன்னும் பெரிய ஒலிபெருக்கியும் வந்தது.

"இல்லைங்க, எனக்கு இந்த விஷயத்துல ஒண்ணுமே தெரியாது."

அமைப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன அடக்கம்! இதையே முதல் வரியா வச்சுக்குங்க சென்செய்."

மேடையில் ஏறினாள். இனி உண்மையைத் தவிர வழியில்லை.

"நான் ஹிமுரோ இல்லை."

முந்நூறு பேரும் மூச்சடக்கினார்கள். பிறகு கைதட்டல் கூரையைப் பிளந்தது. "பேரையே துறந்துட்டாங்கப்பா!" என்று முன்வரிசையில் ஒருவர் எழுதிக்கொண்டார்.

"சத்தியமா சொல்றேன். எனக்கு முடியாதுன்னு சொல்லவே வராது. பதினோரு வருஷமா எதுக்கும் சரி, சரின்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அழுகைச் சத்தம் கேட்டது. அவளுக்குப் பாவமாக இருந்தது. எதிரில் இருந்த அத்தனை முகமும் தன் முகமாகவே தெரிந்தது.

"எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை சொல்லிப் பார்ப்போமா?"

முதல் முறை வாயைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தார்கள். ஐந்தாம் முறை தைரியம் வந்தது. பத்தாம் முறை, "முடியாது!" என்ற கூச்சலில் மேடைப் பூச்சாடி நகர்ந்தது. எல்லாருக்கும் மேலே கேட்ட குரல் தன்னுடையது என்று கவனித்தபோது குராமோச்சிக்கு உடம்பு சிலிர்த்தது. சொல் திரும்பிப் போகவில்லை. வெளியே வந்துவிட்டது.

இறங்கிய வேகத்தில் கைப்பேசியை எடுத்தாள். இந்தச் சூடு ஆறுவதற்குள் மேலாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

வரவேற்பு மேசைப் பெண் ஓடி வந்து மறித்தாள். "பிரமாதம் சென்செய்! ஒரே ஒருத்தர்கிட்டதான் உங்க பேச்சு எடுபடல."

"யார்கிட்ட?"

"கடைசி வரிசையில, குராமோச்சின்னு ஒருத்தர். காலையில வந்து, நான்தான் ஹிமுரோன்னாரு. அவங்க வந்தாச்சேன்னேன். உடனே மன்னிப்புக் கேட்டுட்டு, கையில இருந்த வேற கார்டைக் கொடுத்தாரு. இப்ப அவரு ஆபீஸ்லேர்ந்து போன், செல்லை எடுக்கலையாம். வாக்கனாய்க்குப் போக சம்மதமான்னு கேட்கச் சொன்னாங்க. போய்க் கேட்டேன். எழுந்து நின்னு, நல்லாக் குனிஞ்சு, 'சரிங்க'ன்னுட்டாரு!"