வியர்வைத் துளி பதினேழு

ஞாயிறு காலை ஒன்பது மணி பத்து நிமிடம். டி.வி. திரையில் ஆட்டக்காரன் நெற்றியில் வியர்வைத் துளிகள் பதினேழு. எண்ணியவர் பெயர் விசில். லிஃப்ட் மெக்கானிக். கோபம் வந்தால் குக்கர் தோற்கும் என்று கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர், வீட்டிலும் ஒட்டிக்கொண்டது.

அந்தப் புதிய கால்பந்து வீடியோ கேமை வாங்கி வந்தவர் அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ்.

"வியர்வை தெரியுது, சட்டை மடிப்பு தெரியுது, மூக்கு முடிகூடத் தெரியுது! பந்து மட்டும் எவன் உதைச்சாலும் ஒரே மாதிரி போகுது. இது ஆட்டமா, கல்யாண ஆல்பமா?"

"பார்க்க லட்சணமா இருக்குல்ல?"

"மோட்டார் இல்லாத லிஃப்டுக்குக் கண்ணாடி பதிச்சா மேல போகுமா?"

"உங்க பழைய கேம் பெட்டியில தலைக்கு ஒரு கட்டம், காலுக்கு ரெண்டு கட்டம். எது கோலி, எது கம்பம்னே தெரியலைங்க."

விசிலுக்குக் காது சிவந்தது.

"அந்தக் கட்டத்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? ஒவ்வொருத்தனுக்கும் களைப்பு உண்டு, முழங்கால் வலி உண்டு. ஓயாம ஆடவிட்டா படுத்துடுவான். அதுக்கெல்லாம் மூளை வேணும்!"

"எனக்கு இல்லைங்கிறீங்க."

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. பந்தயம் கட்டினார். பழைய கேமில் ஒரு சீசன், ஆளுக்கு ஒரு அணி. பன்னிரண்டு ஆட்டம், கடைசி ஆட்டம் நேருக்கு நேர். ஜெயித்தவர் சொல்வதுதான் பழைய பெட்டியின் கதி. தோற்றால் அது பரணுக்குப் போய்விடும். பதினோரு வருடமாக அவர் வளர்த்த அணி அதற்குள்தான் இருந்தது.

வாரம் முழுக்க விசில் அதே பதினோரு பேரையே இறக்கினார். முக்கியமாக, கோல் அடிக்கும் மொட்டை. அவனை உட்காரவைக்க மனசு வரவில்லை. மனைவியோ ஸ்கேலும் பென்சிலுமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அது, கோலமா?"

"டியூட்டி லிஸ்ட். வார்டுல நாப்பத்திரண்டு நர்சுக்கு மாசாமாசம் போடுறேன். இங்க இருபத்திரண்டு பேர்தானே. லீவு கேட்டு அழவும் மாட்டேங்கிறாங்க, தங்கமான பசங்க."

விசில் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசி ஆட்டம். அறுபதாவது நிமிடத்தில் மொட்டை நடந்தான். அறுபத்தைந்தில் நின்றான். எழுபதில் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"ஓடுடா! சம்பளம் வாங்கலை?"

"பாவங்க, பன்னிரண்டு டியூட்டி தொடர்ந்து பார்த்தவன்" என்ற மனைவி, ஓய்வெடுத்த மூன்று பேரைப் புதிதாக உள்ளே அனுப்பினார். நாலு கோல் விழுந்தது. நாலும் அவர் அணிக்கு.

விசில் ரிமோட்டை சோபாவில் வீசினார். அது துள்ளி வந்து அவர் காலிலேயே விழுந்தது.

"தூக்கிட்டுப் போ! பரண்ல போடு! அதானே உனக்கு வேணும்!"

"யாரு சொன்னா? நீங்க சொன்னது நூத்துக்கு நூறுங்க, இதுலதான் விஷயம் இருக்கு. இது எனக்கு. உங்க அணியும் எனக்கு. நீங்க அந்தப் புதுசை ஆடுங்க."

ஜூன் ஒன்பதாம் தேதி அந்த அணி, மனைவியின் கையில், கோப்பையை வென்றது. அன்றைய டியூட்டி லிஸ்டில் மொட்டைக்கு ஓய்வு, விசிலுக்குப் பாத்திரம்.