தோட்டாவுக்குக் குடை பிடித்தவர்

உலகத்தில் தன் துப்பாக்கிக்குத் தானே பயந்த ஒரே வீரர் எங்கள் தெரு தோட்டா அண்ணாச்சிதான். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தொழிற்சாலை, நடத்துகிறார். மீதி நேரத்தில், முறையாக லைசென்ஸ் வாங்கி, ரைபிள் கிளப் போட்டிகளுக்கான தோட்டாவைத் தானே தயாரிக்கிறார்.

வெடிமருந்து கொஞ்சம் கூடினாலும் துப்பாக்கிக்குள் அழுத்தம் ஏறி, அதுவே வெடித்துவிடும் என்பது அவர் கவலை. ஒவ்வொரு முறை சுட்டதும் காலித் தோட்டாவைப் பொறுக்கி, லென்ஸ் வைத்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். மருந்தைப் பற்றவைக்கும் கேப் தட்டையாகியிருக்கிறதா? துப்பாக்கியின் தாழான போல்ட்டைத் திறக்கும்போது இறுகியதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். அவர் பார்த்து முடிப்பதற்குள் பக்கத்திலிருப்பவர் சுட்டு முடித்து, வடை தின்று, வீட்டுக்கே போயிருப்பார். அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடுகிற எனக்கு, அவரைப் பார்த்தாலே ஒரு நிம்மதி.

வெயிலும் அழுத்தத்தை ஏற்றும். மார்கழியில் சோதித்த அளவு சித்திரையில் சண்டைக்கு வரும் என்பார். அதனால் தோட்டாப் பெட்டியை ஈரத்துண்டில் சுற்றி, அதற்குக் குடை பிடித்து, தான் வெயிலில் நிற்பார். "இவிய எனக்கு ஒருநாள் குடை பிடிச்சிருப்பாவளா, கேளு" என்பார் அவர் மனைவி, எனக்கு மதினி.

போன சித்திரையில் எப்போதும்வென்றான் கிராமத்துப் பக்கம் கரிசல் பொட்டலில் போட்டி. வருஷா வருஷம் கடைசியாக வருகிற அண்ணாச்சி, அன்று முதலிடத்தில் இருந்தார். கடைசிச் சுற்றுதான் பாக்கி. மதினி கூப்பிட்டார்களே என்று ஒன்றரை வயது மகளோடு நானும் போயிருந்தேன். பந்தல் காற்றில் சரிந்துவிட்டது. ஒரு மரம் கிடையாது. மகள் முகம் சிவந்து வீறிட்டாள். கூட்டி வந்திருக்கக் கூடாதோ, வந்த வேனுக்குள் உட்காரலாமோ, அது இன்னும் சூடோ என்று நான் தவிக்க, அண்ணாச்சி வந்து குடையை அவளுக்குப் பிடித்தார். ஈரத்துண்டையும் கொடுத்தார்.

"அண்ணாச்சி, தோட்டா?"

"குண்டு கொதிச்சா நான் சுடாம இருந்துக்கிடுவேன் தாயி. பிள்ளை கொதிச்சா என்ன செய்ய?"

கடைசிச் சுற்றில் ஒரு குண்டு சுட்டார். போல்ட் இறுகிக்கொண்டது. லென்ஸில் பார்த்தார். கேப் தட்டை. மீதித் தோட்டாக்களைப் பெட்டியில் போட்டு மூடினார்.

"தீப்பெட்டி ஆபீஸ்காரருக்கு நெருப்புன்னா பயமாக்கும்" என்றார் கிளப் நண்பர் ஒருவர்.

"பயம்தான். அதான் ஆபீஸ் இன்னும் இருக்கு."

முதலிடம் போயிற்று. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பிள்ளைக்குத் தண்ணி குடு என்று திரும்பிக்கொண்டார்.

பரிசளிப்பின்போது மகள் அவர் தோளில் இருந்தாள். ஜெயித்தவர் பெயரைக் கூப்பிட்டதும் முதல் ஆளாகக் கைதட்டினாள். அண்ணாச்சி தட்டவில்லை. இரண்டு கையாலும் அவள் கால்களைப் பிடித்திருந்தார்.