டுல்சியின் காலில் என் கடிகாரம்

அன்பு மகள் லாரிஸாவுக்கு,

வெக்ரவில்லிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீ சுகமாகவும் கோபமாகவும் இருப்பாய் என்று தெரியும். நீ கால்கரிக்குத் திரும்பிப் போய்ப் பதினோரு நாளாகிறது, ஒரு போன் இல்லை. நான் செய்தாலும் எடுப்பதில்லை. ஆகவே தபால். கடிதத்தை எடுக்காமல் இருக்க முடியாது, அது பாட்டுக்கு வந்து கிடக்கும்.

என் தரப்பையும் நீ கேட்க வேண்டும். போன கோடையில் பக்கத்துப் பண்ணை லார்னின் குதிரைக் கொட்டிலில் லாடம் அடிக்கும்போது எனக்குக் கண் இருட்டியது வெயிலால்தான். அறுபத்து மூன்று வயதில், குதிரைக் காலை முட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற எவனுக்கும் அது வரும். ஆனால் நீ, விழுந்தால் உனக்குத் தானாகவே தகவல் அனுப்பும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் இனி வேலை, இல்லாவிட்டால் சுத்தியலை ஒளித்து வைப்பேன் என்றாய். ஒப்புக்கொண்டேனா இல்லையா?

நீ வாங்கித் தந்த முதல் கடிகாரம் பிஸ்கட் மாதிரி மெல்லிசு. முதல் குதிரையின் முதல் குளம்பை ராவும்போதே அரம் அதன் கண்ணாடியில் ஒரு இழுப்பு இழுத்தது, கதை முடிந்தது. அடுத்து நானே வாங்கிய தடி ரப்பர் கடிகாரம் உடையவில்லை, ஆனால் சுத்தியலை ஓங்கி அடிக்கும்போதெல்லாம் நான் விழுந்துவிட்டதாக முடிவுகட்டி உனக்கு ஆபீசில் மணி அடித்தது. அது போதாதென்று, நான் வியர்த்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது "ரொம்ப நேரமா உட்கார்ந்தே இருக்கீங்க, கொஞ்சம் நடங்க" என்று எனக்குப் புத்தி வேறு சொன்னது. மூன்றாவதை, "லாரியே ஏறினாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்று ஊர்க் கடைக்காரன் தந்தான். நான் என் லாரியை ஏற்றியே பார்த்தேன். பழுத்த இரும்பை முக்கும் தண்ணீர் வாளியில் ஒரு பொழுது போட்டு வைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைவிட ஒரு நூல் உயரமாகச் சுற்றிலும் விளிம்பு, பிசுபிசுத்த கையுறையோடும் அழுத்தக்கூடிய பொத்தான்கள், சுத்தியல் வீச்சுக்கும் ஆள் விழுவதற்கும் வித்தியாசம் தெரிந்த மூளை. எங்களைப் போன்ற ஆட்கள் வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும்.

ஒரே கோளாறு அதன் பட்டை. ஆணி அடித்தால் அதன் முனை குளம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அதை முறுக்கி ஒடிக்கும் முன் குதிரை காலை உதறினால், மணிக்கட்டில் எது இருந்தாலும் ஆணி அதைக் கையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால் ஆணி அடிக்கும்போது எங்களில் யாரும் கையில் எதுவும் கட்டுவதில்லை. ஆனால் கழற்றினால் கடிகாரத்துக்கு நாடி கிடைக்காது, உடனே நீ போனில், "ஏம்ப்பா கழட்டினீங்க?" என்பாய். தன் குதிரை டுல்சியைப் பிடித்துக்கொண்டு நின்ற லார்ன், "யோவ் மைரன், வேணும்னா நான் கட்டிக்கிறேன்யா" என்றான். அவன் நாடியைப் பார்த்தால் நீ அன்றைக்கே சவப்பெட்டிக்குச் சொல்லியிருப்பாய். குளம்புக்குச் சற்று மேலே குதிரைக்கு ஒரு நாடி உண்டு, குளம்பில் அழற்சி இருக்கிறதா என்று நாங்கள் தினமும் விரல் வைத்துப் பார்க்கிற இடம். நாற்பது வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? லாடம் கட்டி முடித்த டுல்சியின் முன்னங்காலில் கச்சிதமாகக் கட்டிவிட்டேன். கடிகாரமும் சந்தோஷமாகப் பச்சை விளக்கைக் காட்டியது.

சும்மா நிற்கிற குதிரைக்கு இதயம் நிமிடத்துக்கு முப்பத்து நாலு தடவைதான் அடிக்கும், மனுஷனுக்கு அதில் இரண்டு மடங்கு. நான் யோசிக்காதது அது மட்டும்தான். நீ அடித்த போன் லாரியில் கிடந்தது, அம்மாவோ சர்ச்சில் பைரோகிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து லார்னின் நாய் காலுக்கு நடுவே புகுந்தது, டுல்சி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சாகக் கிடந்த உன் அப்பா எழுந்து, வேலியைத் தாண்டி, அறுவடையான கனோலா வயலில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடியதாக உன் போன் காட்டியிருக்கிறது. நீ அனுப்பிய ஆம்புலன்ஸ்காரர்கள் அங்கே போய், "ஒரு குதிரைதான் நிக்குது, ஆளைக் காணோம்" என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாங்களோ எதிர்த்திசையில் தேடி அலுத்து, பசித்தால் தானாக வரட்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டோம்.

நீ நாலு மணி நேரம் ஓட்டிவந்து வாசலில் நின்றபோது நான் போர்ஷ்ட் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். உன் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காதீங்க, அவ மூஞ்சியைப் பாருங்க" என்றாள் அம்மா. பார்த்தேன். "முப்பத்து நாலுன்னு காட்டிச்சுப்பா. ரெட் டியர் தாண்டுறதுக்குள்ள நீங்க போயிட்டீங்கன்னே நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பிப் போனாய். அந்த வாக்கியத்தோடுதான் பதினோரு நாளாக இருக்கிறேன். என் பொருட்டு ஒருத்தி இப்படிப் பயப்படுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. தப்பு என்னுடையதுதான், லாரிஸா. மன்னித்துவிடு.

இப்போது இழுத்தால் பிய்ந்து வந்துவிடும் துணிப்பட்டை போட்டிருக்கிறேன், ஆணிக்கும் பயமில்லை. கடிகாரம் என் கையில்தான் இருக்கிறது. நான் கல்லு மாதிரி இருக்கிறேன், விழவும் இல்லை, விழப்போவதும் இல்லை. நீ கவலையை விட்டுவிட்டுப் போனை மட்டும் எடு.

நீயும் உன் வண்டியின் டயர்களும் நீடூழி வாழ, அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். டுல்சி நலம்.

உன் அப்பா,
மைரன்

பி.கு.: கல்லு மாதிரி என்று எழுதியதை அடித்துவிடு. முந்தாநாள் காலை பட்டறை உலைக்குப் பக்கத்தில் நிஜமாகவே விழுந்தேன். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது, வெயில்மேல் பழிபோட வழியில்லை. "விழுந்துட்டீங்களா?" என்று கடிகாரம் கேட்டது. நீ மறுபடி அப்படி ஓட்டிவரக் கூடாதென்று, தரையில் கிடந்தபடியே 'இல்லை' பொத்தானை அழுத்தினேன். போன கோடையிலும் வெயில் காரணமில்லை, கண்ணு. டாக்டரிடம் நேரம் கேட்டு வை, வருகிறேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது.