இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே நியாயம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை எடைமேடைக்கு மேலிடத்து உத்தரவு ஒன்று வந்தது. லாரிக்கு எடைச் சீட்டு அடிக்கும் புரோகிராம், பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் புதிய லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் "வேறுபாடின்றி ஒரே மாதிரி" செயல்பட வேண்டுமாம். அந்த வருஷம் லினக்ஸ் இல்லாத ஆபீஸ் ஒரு ஆபீஸா?

கறுப்புத் திரையில் புரோகிராம் பேரைத் தட்டினால் பழையது சமத்தாக ஓடியது. புதியதில் தட்டினால், அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது.

வரிசையில் முதல் வண்டி பழவேற்காடு அஸ்கர் அலி பாயுடையது. ஐஸ் போட்ட இறால். சீட்டு இல்லாமல் கம்பெனியில் வாங்க மாட்டார்கள். மத்தியானம் தாண்டினால் அத்தனையும் குப்பை. பின்னால் நாங்கள், இரும்புக் கம்பி ஏற்றிய லாரிக்காரர்கள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் யேசுதாஸ் வேப்பம்பட்டிலிருந்து வந்து பார்த்தார்.

"சின்ன விஷயம் சார். முன்னாடி ஒரு ஃபைல் போட்டுடலாம். அது எந்த மிஷின்னு பாத்துக்கினு, அதுக்கேத்த மாதிரி புரோகிராமைக் கிளப்பும்."

அலுவலர் ஆதிநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். "அதாவது, ஆளைப் பாத்து நடந்துக்கும்."

"மிஷினைப் பாத்து சார்."

"பாகுபாடு. வேறுபாடின்றின்னு உத்தரவுல தெளிவா இருக்கு."

"அப்ப புதுசுல ஓடாது சார்."

"பழசுல ஓடுதே, அதான்யா பிரச்சினை. அதையும் நிறுத்து."

யேசுதாஸ் தலையில் அடித்துக்கொண்டு பழையதில் இருந்த புரோகிராமின் பேரை மாற்றி வைத்தார். ஆபரேட்டர் கன்னியம்மா இரண்டிலும் தட்டிப் பார்த்தார். இரண்டுமே அப்படி ஒரு கட்டளை கிடையாது என்றன. உத்தரவு முழுமையாக நிறைவேற்றப்பட்டதாக மேலிடத்துக்கு ஃபேக்ஸ் போனது.

பாய் ஜன்னலில் வந்து நின்றார். "சார், ஐஸ் உருகிக்கினே இருக்கு. கடலுக்குப் போனவங்க பொயப்பே இந்த வண்டியிலதான் சார் இருக்கு."

ஆதிநாராயணனும் மனுஷர்தானே. "யேசுதாஸ், இவருக்கு மட்டும் பழசுல போட்டுக் குடுத்துடு" என்றார்.

அதெப்படி? நாங்கள் என்ன இளிச்சவாயர்களா? மொத்த வரிசையும் இறங்கி ஓடினோம்.

"இன்னா சார், அவருக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?"

"இறாலு கெட்டுப்பூடும்பா. கம்பி கெடுமா?" என்றார் யேசுதாஸ்.

"அதெல்லாம் தெரியாது. போட்டா எல்லாருக்கும் போடு, இல்லாங்காட்டி ஒருத்தருக்கும் போடாத."

ஆதிநாராயணன் முகம் மலர்ந்தது. நாங்கள் சொன்னதில் இரண்டாவது பாதி உத்தரவுக்கு அப்படியே பொருந்தி வந்தது. பொதுமக்களின் கோரிக்கையை ஏற்று ஜன்னலைச் சாத்தினார். நாங்களும் ஜெயித்த சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனோம்.

மூன்று மணிக்கு பாய் வண்டியின் பின்கதவைத் திறந்தார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோருமாகத் திரும்ப ஆதிநாராயணனிடம் போய் நின்றோம்.

"சார், பொது இடத்துல இப்படி நாறடிக்கிறாரே, அந்த ஆளு மேல ஒரு ஆக்ஷன் எடுக்க மாட்டீங்களா?"